ஆத்துக்கு எந்தப் பக்கம் வீடு பார்க்க?

வாசகி ஒருவரின் கேள்வி:

"அண்ணாச்சி, எனக்குச் சொந்த ஊர் கடையம். கல்யாணமாகி 11 வருஷமாகத் தாம்பரத்தில் இருக்கிறோம். இப்போது எனக்குப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு மாறுதல் வந்திருக்கிறது. செவிலியர் வேலை, மாதத்தில் சில நாள் இரவுப் பணி உண்டு. என் வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை. கம்பெனி பஸ் வரும் என்கிறார்கள். மகள் ஐந்தாம் வகுப்பு போகப்போகிறாள், மகனுக்கு நாலு வயது. மாமியாரும் எங்களோடுதான், அவர்களுக்கு முட்டு வலி.

புரோக்கர் மூன்று வீடு காட்டினார். தச்சநல்லூர் பக்கம் ஒரு தனி வீடு, வாடகை 9,000, நல்ல பெரிய வீடு. பெருமாள்புரத்தில் ஒரு மாடி வீடு, 13,000. கேடிசி நகரில் ஒரு தரைத்தள வீடு, 11,000. அட்வான்ஸ் மட்டும் 80,000 கேட்கிறார்கள், தெருவில் தார் ரோடு இல்லை. தச்சநல்லூர்க்காரர் '5 லட்சம் ஒத்தியாகக் கொடுத்தால் வாடகையே வேண்டாம்' என்றும் சொல்கிறார். எதைப் பிடிக்க? பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருக்க எந்த ஏரியா நல்லது?"

பதில்:

தங்கச்சி, எந்த ஏரியா நல்லது என்ற கேள்வியை நான் தினமும் கேட்கிறேன். வீடு கட்டிக்கொடுப்பதும், வங்கிக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்புப் போடுவதும் என் பிழைப்பு. ஆனால் திருநெல்வேலியில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஏரியாவை இல்லை. ஆத்துக்கு எந்தப் பக்கம் வேலை, எந்தப் பக்கம் பள்ளிக்கூடம் என்றுதான் கேட்பேன்.

நீங்கள் கடையத்துப் பிள்ளை, ஊரைத் தெரியாதவர் இல்லை. இருந்தாலும் 11 வருஷம் ஆகிவிட்டது. தாமிரபரணி இந்த ஊரை இரண்டாக வைத்திருக்கிறது. டவுன், சந்திப்பு, தச்சநல்லூர், பேட்டை ஒரு கரை. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், மேலப்பாளையம் மறு கரை. 1843-இல் சுலோசன முதலியார் தன் கைக்காசைப் போட்டுக் கட்டிக்கொடுத்த பாலம் வழியாக இன்றும் ஊர் போய் வந்துகொண்டிருக்கிறது. காலை எட்டரைக்கு அந்தப் பாலத்தில் நின்று பாருங்கள். பள்ளி வேன், டவுன் பஸ், ஆட்டோ, மூன்று பிள்ளைகளை ஏற்றிய ஸ்கூட்டர் என்று எல்லாம் அங்கே ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். வண்ணார்பேட்டையிலிருந்து தச்சநல்லூர் போகும் வடக்கு புறவழிச்சாலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நல்ல சாலைதான். அதிலும் தினம் இரண்டு தடவை போய் வரப்போவது யார் என்பதுதான் விஷயம்.

உங்கள் வீட்டில் வேலை இரண்டு கரையிலும் இருக்கிறது. அவருக்கு வடக்கே, உங்களுக்குத் தெற்கே. இந்த மாதிரி வரும்போது பெரும்பாலான வீடுகளில் ஆம்பிளையின் வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவார். இரவுப் பணி முடித்துக் கண் எரிய வெளியே வருகிறவர் நீங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் ஓடுகிறவரும் அநேகமாக நீங்கள்தான். அதனால் வீடு பாளைக் கரையில்தான் இருக்க வேண்டும். தச்சநல்லூரில் குறை ஒன்றும் இல்லை, அங்கே எனக்கு வேண்டிய குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் நால்வரின் காலை நேரத்துக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். மாதம் 2,000 மிச்சம் என்று தோன்றும். பெட்ரோலுக்கும் இரவு நேர ஆட்டோவுக்கும் அதைவிடக் கூடப் போய்விடும்.

ஒத்தி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். 5 லட்சத்தைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது, காலி செய்யும்போது பணத்தை முழுசாக வாங்கிக்கொள்வது, கேட்க இனிக்கிறது. சட்டப்படி ஒத்தி என்பது அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு அடமானம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பத்திரம் வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வதெல்லாம் சண்டை வந்தால் நிற்காது. அதைவிடப் பெரிய சிக்கல், வீடு ஏற்கெனவே வங்கியில் இருப்பது. கடன் கட்டாமல் வங்கி ஏலத்துக்குக் கொண்டுபோகும் வீட்டுக்கு மதிப்புப் போட நான் போகும்போது, உள்ளே ஒத்திக்கு இருக்கும் குடும்பம் கதவைத் திறந்து "நீங்க யாரு?" என்று கேட்கும். எனக்கு அந்த வேலையில் பிடிக்காத நிமிஷம் அதுதான். ஒரு தடவை அந்த வீட்டு அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், விஷயம் தெரியாமல். குடிக்க முடியவில்லை. ஆகவே ஒத்தி வேண்டாம். கண்டிப்பாகப் போகத்தான் போகிறேன் என்றால் 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள், மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள், பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பத்திரத்தை வங்கியில் வைத்திருந்தால் அது சில சமயம் வில்லங்கத்தில் தெரியாமல் போகும், அதனால்தான் மூலப் பத்திரத்தைக் கேட்கச் சொல்கிறேன்.

இனி தண்ணீர். இரண்டு தண்ணீர் இருக்கிறது, வர வேண்டிய தண்ணீர், வரக் கூடாத தண்ணீர்.

வரக் கூடாததை முதலில் பார்ப்போம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நீங்கள் தாம்பரத்தில் இருந்து டிவியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது, இங்கே ஆறு கரை மீறி சந்திப்பு, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் என்று ஏறியது. கலெக்டர் ஆபீஸைச் சுற்றியே தண்ணீர் நின்றது. அதற்கு அடுத்த மாதம் ஆற்றங்கரையோரம் ஒரு வீட்டை வாடகைக்கு விடப்போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதுசாக வெள்ளை அடித்து, பெயிண்ட் வாசம் மூக்கைத் துளைத்தது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. படுக்கையறைக் கதவைச் சாத்திப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால், பிரஷ் எட்டாத ஒரு சாண் அகலத்தில், என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அதற்குக் கீழே சுவர் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் தூளாக வந்தது.

வீடு பார்க்கப் போகும்போது நீங்களும் கதவுகளைச் சாத்திப் பாருங்கள். மரநிலையின் அடிப்பாகத்தைத் தட்டிப் பாருங்கள், பொதபொதவென்று இருக்கிறதா என்று. எல்லா அறையிலும் ஒரே உயரத்தில் பெயிண்ட் பொரிந்திருந்தால், சுவரில் உப்புப் பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பிளக் பாயிண்டுகளை எல்லாம் இடுப்புக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் வீட்டுக்காரர் ஒரு தடவை அனுபவப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

ஆறு ஏறுவது எப்போதாவது. குளம் நிறைவது வருஷா வருஷம். நம் பக்கத்தில் பல "நகர்"கள் நஞ்சை வயலையும் குளத்து வாயையும் மேடு தட்டி பிளாட் போட்டவை. புது பஸ் ஸ்டாண்டு இருக்கிற இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். எனக்குக் கல்யாணமான புதுசில் நானும் அப்படி ஒரு நகரில் வாடகைக்குப் போனேன், பொறியியல் படித்தவன் என்ற நினைப்போடு. "இங்க சொட்டுத் தண்ணி நிக்காது தம்பி" என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்யாத குறை. ஐப்பசியில் ஒரு இரவு மழை. விடிந்து எழுந்து அடுப்படிக்குப் போன என் வீட்டுக்காரி சத்தம் போட்டாள். கணுக்கால் தண்ணீரில் கெண்டைக்குஞ்சு நீந்திக்கொண்டிருந்தது. அட்வான்ஸைத் திரும்ப வாங்க எட்டு மாதம் நடந்தேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் கேட்பதை விட்டேன். தெருமுனை டீக்கடையில் வயசானவர் யாராவது இருப்பார். "இது முந்தி நஞ்சையா, புஞ்சையா?" என்று கேட்டால் போதும், ஊர்க் கதையே வந்துவிடும்.

பாளையங்கால்வாய் ஓரத்து வீடு என்றால் இன்னும் ஒன்று. சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் கால்வாய் நிறைய ஓடும், நாலு வயசுப் பையன் இருக்கும் வீடு. தண்ணீர் நின்றுவிட்டால் கொசு. இரண்டுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

வர வேண்டிய தண்ணீருக்கு வருவோம். "தாமிரபரணித் தண்ணி வருது" என்று புரோக்கர் சொல்வார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். கேடிசி நகர் மாதிரி ஊர் எல்லையோரத்துக் குடியிருப்புகளில் ஒரு தெரு மாநகராட்சியில் இருக்கும், அடுத்த தெரு ஊராட்சியில் இருக்கும். குப்பை வண்டி, தெருவிளக்கு, குடிதண்ணீர் எல்லாம் அதைப் பொறுத்து மாறும். வீட்டு வரி ரசீதை ஒரு தடவை காட்டச் சொன்னால் எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பருப்பு வேக வையுங்கள். மூன்று விசிலில் குழையாத பருப்பு முப்பது விசிலுக்கும் குழையாது. குழாய் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருப்பதும் அதே சேதிதான்.

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெருமாள்புரத்து மாடி வீட்டை மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் எடுக்கத் தோன்றுகிறதா, அப்படியே வைத்திருக்க முடிகிறதா என்பதில் வீட்டின் குணம் தெரியும். இரவுப் பணி முடித்து நீங்கள் பகலில் தூங்க வேண்டியது அந்த அறையில்தான். மாமியாருக்குப் படி வேறு. மாடி ஏறினால் அப்புறம் அவர்கள் இறங்கவே மாட்டார்கள். ஒரு வருஷத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்துபோவார்கள். என் அம்மாவிடம் இதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மற்றபடி பெருமாள்புரம், என்ஜிஓ காலனி, மகாராஜநகர், தியாகராஜநகர் வட்டாரம் குடும்பத்துக்குச் சுகமான இடம். கடை கிட்ட, டாக்டர் கிட்ட, மகாராஜநகரில் உழவர் சந்தை. அங்கே தரைத்தளத்தில் கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். பள்ளி வேன் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டுமா என்று மட்டும் டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த கேட்டில் நின்று பழகாதவர் பாளையில் கிடையாது.

கேடிசி நகருக்கு நான் சாய்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஆத்தைக் கடக்காமல் போய்விடலாம். நான்குவழிச் சாலை அதன் வாசலில் போகிறது. அது ஊருக்கு வெளியிலேயே ஆத்தைத் தாண்டி, தாழையூத்து வழியாக நேரே கங்கைகொண்டானுக்குக் கொண்டுபோய் விடும். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டாலும் அவர் வண்டியில் அரை மணி நேரத்தில் போய்ச் சேர்வார், சந்திப்பு நெரிசலில் கால் வைக்காமலே. டவுன் பஸ் இருக்கிறது; சாதாரணக் கட்டண பஸ்ஸில் உங்களுக்கும் மாமியாருக்கும் டிக்கெட் இல்லை. தரைத்தளம். தார் ரோடு இல்லாததை நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. ஆனால் மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் செருப்போடு நடந்து பாருங்கள். ஆனி, ஆடிக் காற்றில் காலி மனைப் புழுதி முழுக்க வீட்டுக்குள் வரும், அதற்கு ஜன்னல் வலையும் பொறுமையும் வேண்டும்.

நான்குவழிச் சாலை கிட்ட இருப்பது வரம் மாதிரி சாபமும்தான். மகள் சைக்கிள் ஓட்டுவாள் என்றால், பள்ளிக்கோ டியூஷனுக்கோ அதைக் குறுக்கே கடக்க வேண்டி வருமா என்று பாருங்கள். வரும் என்றால் அந்த வீடு வேண்டாம், அதே ஏரியாவில் இந்தப் பக்கத்துத் தெருவில் வேறு தேடுங்கள்.

பள்ளியைப் பற்றி ஒன்று. பாளையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லியே இங்கே எந்தச் சந்தில் வீடு எடுத்தாலும் பிள்ளை படித்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். பெயர் பெற்ற பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புக்கு நடுவில் இடம் கிடைப்பது எளிதில்லை. முதலில் இடத்தை உறுதி செய்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். தாம்பரத்துப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழோடு எமிஸ் என்கிற மாணவர் பதிவு எண்ணையும் குறித்து வாங்கி வாருங்கள், இல்லாவிட்டால் இரண்டு பள்ளிக்கும் இடையில் அலைய வேண்டி வரும். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் கொஞ்சம் நின்று பெரிய பையன்களின் மணிக்கட்டைப் பாருங்கள், கலர் கலராகச் சாதிக் கயிறு கட்டியிருக்கிறார்களா என்று. ஏன் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புரியும். 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளைப் பள்ளிக்குள் விடக் கூடாது என்று 2024-இல் அறிக்கையே கொடுத்தது. கயிறு இல்லாத பள்ளி வாசல் எனக்கு ஒரு நல்ல அடையாளம்.

அதே விஷயம் வீடு கேட்கும்போதும் வரும். தாம்பரத்தில் உங்களிடம் இத்தனை வருஷத்தில் யாராவது கேட்டார்களோ என்னவோ, இங்கே நேராகக் கேட்கமாட்டார்கள். "கடையத்துல எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" என்று சுற்றிக்கொண்டு வருவார்கள். எத்தனையோ நல்ல மனிதர்கள் கூசாமல் கேட்கிறார்கள், எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. என் அபிப்பிராயம், அந்தக் கேள்வியை இரண்டு தடவைக்கு மேல் கேட்கிற வீட்டில் தரை மார்பிளாக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகள் அந்த மாடிப்படியில்தான் விளையாட வேண்டும்.

இனி கணக்கு. 11,000 வாடகைக்கு 80,000 அட்வான்ஸ் என்றால் ஏழு மாத வாடகைக்கும் மேலே. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. "ஒப்புக்கொண்டால் தவிர" என்ற அந்த வாசலில்தான் எல்லா வீட்டுக்காரர்களும் நுழைகிறார்கள். அதனால் சட்டத்தைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். 80 என்றால் 50-க்குக் கேளுங்கள், பெரும்பாலும் இறங்குவார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்யச் சொல்லுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போக மீதி அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் இப்போதே பேசி எழுதிவிடுங்கள்; கடைசி நாள் சண்டையில் பாதி அதில்தான் வருகிறது.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா? மின்வாரியத்தின் இணைப்பு எண்ணோடு உள்ள மீட்டரைக் கேட்கிறேன், வீட்டுக்காரர் மாட்டிய சப்-மீட்டரை இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்குத்தான். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் யூனிட் சேர்ந்துகொண்டு மேல்படிக்குப் போகும். 500-ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். பங்குனி, சித்திரையில் ஏசி ஓடும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆக, கேடிசி நகர் வீட்டைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புரோக்கரோடு போய்ப் பார்த்தால் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாள் ஒன்றில் காலை ஏழரைக்கு நீங்கள் மட்டும் போங்கள், பிள்ளைகள் எந்த மாதிரி பள்ளிக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரியும். இன்னொரு நாள் இரவு ஒன்பதுக்கு மேல் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வாசல் வரைக்கும் நடங்கள். எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை நாய் எழுந்து நிற்கிறது, திறந்த கடை ஏதாவது உண்டா என்று எண்ணிக்கொள்ளுங்கள். முடிந்தால் மாமியாரையும் ஒரு தடவை கூட்டிப்போய் குளியலறை வாசல்படியை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டுக்காரர் மாடியில் குடியிருக்கிறார் என்றால் இரவு எத்தனை மணிக்கு வெளி கேட்டைப் பூட்டுவார் என்று கேளுங்கள். "பத்து மணிக்கு மேல யாரும் வரமாட்டாங்கல்லா?" என்பார். நீங்கள் வருவீர்கள். கேட் சாவி ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதை அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.